ஜமீலுன்னிசா சோற்றுக்குத் திரும்பியது

மேற்கு மாம்பலத்தில் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய சந்து ஒன்றில் ஜமீலுன்னிசா பெண்களுக்கான தையல்கடை வைத்திருந்தாள். இரண்டு மிஷின், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, திரைச்சீலை போட்டு மறைத்த ஒரு மூலை. இருபது வருடமாகக் கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்ப் பெண்களின் இடுப்பை அளந்ததில் மனித குலத்தின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை போய்விட்டது. வருகிறவள் ஒவ்வொருத்தியும் பொய் சொன்னாள். டேப்பைச் சுற்றும்போது வயிற்றை எக்கிக்கொண்டாள். "டைட்டாவே தைங்கக்கா, கல்யாணத்துக்குள்ள கொறைச்சிடுவேன்" என்றாள். குறைக்கமாட்டாள். கல்யாணத்துக்கு முதல்நாள் ஓடிவந்து, கொக்கி மாட்டவில்லை, அளவைத் தப்பாக எடுத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு நிற்பாள். ஜமீலா பிளவுஸைக் கையில் வாங்கிக்கொள்வாள். ஓரத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்துவிட்டிருந்த துணியை இழுத்து, மறுபடி அடித்துக் கொடுப்பாள். அந்தத் துணியை அவள் வெட்டும்போதே விட்டு வைத்திருப்பாள். யார் குறைப்பார்கள், யார் குறைக்கமாட்டார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒருத்தியும் குறைக்கமாட்டாள்.

அவளே தொண்ணூறு கிலோ இருந்தாள் என்பது வேறு விஷயம். தன்னை அளந்துகொள்ள அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

ஐம்பதை நெருங்கியபோது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பெடலை மிதிக்க முடியாமல் மிஷினுக்கு மோட்டார் மாட்டினாள். ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்தால் திரும்பி முறைத்தாள். டாக்டர் சுகர் இருக்கிறது என்று மாத்திரை எழுதினார். எடையைக் குறைக்காவிட்டால் முட்டியில் ஆபரேஷன்தான் என்றார். அவர் சட்டைப் பொத்தான் வயிற்றில் தெறிக்கிற நிலையில் இருந்ததை ஜமீலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

துபாயில் இருந்த மகள் போனிலேயே தேடிப் பிடித்து அம்மாவை அடையாறில் ஒரு டயட் கிளினிக்கில் சேர்த்துவிட்டாள். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கக் குண்டாக இருந்தவர்களும் ஒல்லியானவர்களும் ஜோடி ஜோடியாகச் சிரிக்கிற படங்கள். வர்ஷினி என்று ஒரு பெண் ஜமீலாவைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டாள். மயிலாப்பூர்ப் பெண், கல்யாணம் ஆகவில்லை, இருபத்தாறு இஞ்ச் இடுப்பு. ரெண்டு பிள்ளை பெறட்டும், அப்புறம் வந்து எனக்குப் புத்தி சொல்லட்டும் என்று ஜமீலா மனதுக்குள் முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

வர்ஷினி ஒரு சார்ட் கொடுத்தாள். காலையில் ஓட்ஸ், நடுவில் கொஞ்சம் பாதாம், மதியம் ஒரு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் வேகவைத்த காயும், சாயந்திரம் கிரீன் டீ, ராத்திரி சூப். கோழி உண்டு, ஆனால் தோல் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், உப்பும் மிளகும் போட்டு அவித்தது. சோறு கிடையவே கிடையாது. ஒவ்வொரு வேளையும் தட்டைப் போட்டோ எடுத்து வர்ஷினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

ஜமீலாவின் புருஷன் அப்துல் சமத் தி. நகரில் சூட்கேஸ் கடை வைத்திருந்தார். சார்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "மூணு நாள் தாங்குமா?" என்றார்.

அது போதுமாக இருந்தது. பலரும் பிற்பாடு ஓட்ஸைப் பற்றியும் சூப்பைப் பற்றியும் அவளிடம் விசாரித்தார்கள். ஆனால் அவளை இளைக்க வைத்தது ஓட்ஸ் இல்லை, இளக்காரம். எதிரே உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைக்கிற புருஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வெள்ளரிக்காய் இறங்கியது. "துன்னு, துன்னு. நம்ம கடை பொட்டி மாதிரி ஒருநாளு ஜிப்பு போடமுடியாம ஆவும், அப்ப தெரியும்" என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். அவர் குனியக் குனிய இவள் நிமிர்ந்தாள். கடைக்கு வருகிறவள் வயிற்றை எக்கினால், "வுடும்மா, வுடு, மூச்சு வுடு. நான் பாக்காத வயிறா?" என்று பச்சையாகவே சொல்ல ஆரம்பித்தாள். பழைய துணிகளையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டுத் தனக்குப் புது பிளவுஸ்களும் சல்வாரும் தைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு நூல்கூட மிச்சத் துணி விடாமல், ஓரத்தை ஒட்ட வெட்டித் தைத்தாள். மற்றவர்களுக்குத்தான் பிரிக்க வேண்டியிருக்கும், தனக்கு எதற்கு?

ஒரு வருடம் முடிவதற்குள் பதினெட்டு கிலோ இறங்கிவிட்டது. கிளினிக்கில் மிஷினில் ஏற்றி நிறுத்தி, வர்ஷினி கை தட்டினாள்.

"கங்கிராட்ஸ் மேம்! எழுபத்திரண்டு. கோல் ரீச் பண்ணிட்டேள். இனிமே உங்களுக்குச் சார்ட் கிடையாது."

"சார்ட் இல்லன்னா நான் இன்னாத்த துன்றது?"

"நார்மலா சாப்பிடலாம் மேம். இது மெயின்டனன்ஸ். விட்டதையெல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிக்காம ஒவ்வொண்ணா சேர்த்துக்கோங்கோ. பசிச்சா சாப்பிடுங்கோ, போறும்னு தோணினா எழுந்துடுங்கோ. உங்க உடம்பு என்ன சொல்றதுன்னு கேளுங்கோ, அவ்வளவுதான்."

"என் ஒடம்பு சொன்னத கேட்டுத்தாம்மா தொண்ணூறு கிலோவுல இங்க வந்து நின்னேன். பொறந்ததுலேர்ந்து அது பிரியாணியத் தவுர வேற எதையும் கேட்டதில்ல."

வர்ஷினி சிரித்துவிட்டு, மெயின்டனன்ஸுக்கும் தனியாக ஒரு பேக்கேஜ் இருக்கிறது, ஆறு மாசம், புரோட்டீன் பவுடர் இலவசம் என்றாள். ஜமீலா எழுந்து வந்துவிட்டாள். பசித்தால் சாப்பிடு என்று சொல்வதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு ஏசி ரூம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் வர்ஷினியைக் கிழித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை ஓட்ஸைத் தட்டில் போட்டுப் போட்டோ எடுத்தாள். எடுத்த பிறகுதான் அனுப்ப ஆள் இல்லை என்பது உறைத்தது. போட்டோவை அழித்தாள். பிறகு பழைய சார்ட்டையே பின்பற்றினாள். ஒரு கரண்டி சோறு சேர்த்துக்கொள்ளலாம் என்று வர்ஷினி சொல்லியிருந்தாள், ஜமீலாவுக்குப் பயம். அந்த ஒரு கரண்டி ஒரு கரண்டியோடு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். பயத்தை வெளியே சொல்ல முடியாமல், அடுத்தவர் தட்டை இன்னும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினாள்.

இந்த நிலையில்தான் ஆதிலின் கல்யாணம் முடிந்து வலிமா விருந்து வந்தது. ஆதில் அவளுடைய நாத்தனார் தபஸ்ஸுமின் மகன். தபஸ்ஸும் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் குடியிருந்தாள். குள்ளமாக, உருண்டையாக, எப்போதும் சிரித்த முகம். ஜமீலா அவளுக்கு வைத்திருந்த பெயர் அண்டா. விருந்து ராயப்பேட்டையில் ஒரு மண்டபத்தில். ஜமீலா பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு போனாள். உறவுக்காரிகள் எல்லாரும் அண்ணியைச் சுற்றி நின்று, "எப்படி பாபி, எப்படி?" என்று கேட்டார்கள். அவள் தட்டில் வெள்ளரிக்காயும் ஒரே ஒரு கோழித் துண்டும் வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். இந்தப் பிரியாணியில் எத்தனை கரண்டி நெய், இந்தப் பிரெட் அல்வாவில் எவ்வளவு சர்க்கரை, இதெல்லாம் சாப்பிடுகிறவர்களுக்குக் கால் எப்போது போகும், கண் எப்போது போகும் என்று விளக்கினாள்.

தபஸ்ஸும் எல்லாரையும் கவனித்துவிட்டுக் கடைசியில் சம்பந்தியம்மாளோடு உட்கார்ந்தாள். பிரியாணியை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, அல்வாவுக்குக் கையை நீட்டினாள். ஜமீலா குனிந்து அந்தக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

"இந்த சைஸுக்கு இது வேறயா? மருமவ வந்துட்டா, இன்னும் வாய கட்டமாட்டியா? சம்பந்தியம்மா, பாத்துக்குங்க, உங்க பொண்ணுக்கு சமைக்கறதே வேல ஆயிடும்."

சம்பந்தியம்மாள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். தபஸ்ஸுமின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் கண் நிறைந்துவிட்டது. அவள் எழுந்து கை கழுவப் போனாள். திரும்பி வரவில்லை. ஆட்டோவில் வரும்போது அப்துல் சமத், "எந்தங்கச்சி புள்ள கல்யாணம் ஜமீலா அது" என்று மட்டும் சொன்னார். உண்மையைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது என்று ஜமீலா பதில் சொன்னாள்.

அவமானப்பட்டாலும் தபஸ்ஸும் முறையை விடவில்லை. மறுநாள் ஒரு தூக்கு நிறைய விருந்துப் பிரியாணி அண்ணன் வீட்டுக்கு வந்தது. அப்துல் சமத் கடைக்குப் போய்விட்டிருந்தார். ஜமீலா அதை ஃபிரிஜ்ஜில் வைக்கத்தான் மூடியைத் திறந்தாள். அடியில் ஒட்டியிருந்த கருகல் சோற்றை மட்டும் சுரண்டி வாயில் போட்டாள். பிறகு ஒரு துண்டு. பிறகு உட்காரவில்லை, தட்டு எடுக்கவில்லை. சமையல் மேடை ஓரமாக நின்றபடியே தூக்கில் கைவிட்டு அடிவரை தின்று தீர்த்தாள். தின்னும்போது ருசி தெரிந்த மாதிரிகூட இல்லை. யாராவது வருவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற அவசரம்தான் இருந்தது. தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புருஷனிடம், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். பொய் சொல்கிற பெண்களை இருபது வருடமாகப் பார்த்தவளுக்குச் சுலபமாகவே வந்தது.

அதன்பின் இரண்டு ஜமீலாக்கள் ஆனார்கள். நாலு பேர் முன்னால் ஓட்ஸ் தின்கிறவள் ஒருத்தி. கடையில் யாரும் இல்லாத நேரத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பன்னையும் சமோசாவையும் முழுங்குகிறவள் இன்னொருத்தி. முதலாமவள் இரண்டாமவளைக் காறித் துப்பினாள். துப்பிவிட்டு மறுநாள் பட்டினி கிடந்தாள். பட்டினி கிடந்தவள் அதற்கடுத்த நாள் இரண்டு மடங்கு தின்றாள். எடை பார்க்கும் மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பிளவுஸ்கள் அக்குளில் பிடித்தன. பிரித்துவிடலாம் என்று உள்ளே பார்த்தால், பிரிக்கத் துணி இல்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கிளினிக்கிலிருந்து போன். வெற்றி விழா எடுக்கிறோம், நீங்கள்தான் இந்த வருட நட்சத்திரம் என்றார்கள். வரமாட்டேன் என்று சொல்ல நினைத்து, சரி என்றாள்.

விழா அன்று வாசலிலேயே அவளுடைய படம் ஆள் உயரத்துக்கு நின்றது. இடது பக்கம் தொண்ணூறு கிலோ, வலது பக்கம் எழுபத்திரண்டு. மேனேஜர் ஸ்ரீரங்கன் அவளை உள் அறைக்கு அழைத்துப்போய் மிஷினில் நிற்கச் சொன்னார். எழுபத்தொன்பது. வர்ஷினி மிஷினைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். ஸ்ரீரங்கனுக்கு முகம் மாறவே இல்லை.

"பரவால்ல மேம், சகஜம்தான். புடவை முந்தானைய முன்னாடி இழுத்து விட்டுண்டா தெரியாது. மேடைல பழைய நம்பரையே சொல்லிடுங்கோ. விழா முடிஞ்சதும் ரீ-ஜாயின் பேக்கேஜ் பேசிக்கலாம்."

ஜமீலா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். மேடையேறி எழுபத்திரண்டு என்றாள். கை தட்டினார்கள். ஒரு ஷீல்டும் ஒரு டப்பா பவுடரும் கொடுத்தார்கள். கீழே இறங்கியதும், முந்தைய வருட நட்சத்திரங்களுக்கென்று போட்டிருந்த வரிசையில் அவளையும் உட்கார வைத்தார்கள். அவள் தையல்காரிக் கண்ணோடு அந்த வரிசையைப் பார்த்தாள். ஒருத்திக்குக் கைத்துளை இறுக்கம். ஒருத்திக்கு முதுகுக் கொக்கி இழுத்துக்கொண்டிருந்தது. ஒருத்தி துப்பட்டாவை வயிற்றின் மேல் பரப்பி, அதன் மேல் ஹேண்ட்பேகையும் வைத்திருந்தாள். அத்தனை பேருக்கும் தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது.

"எவ்ளோ ஏறிச்சு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

அந்த அம்மாள் மேடையைப் பார்த்துச் சிரித்தபடியே, "பதினஞ்சு. இது எனக்கு மூணாவது பேட்ச். நல்ல பசங்க, ஒவ்வொரு வாட்டியும் டிஸ்கவுன்ட் தராங்க" என்றாள்.

ஜமீலா நடுவிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டாள். பவுடர் டப்பாவை அடையாறு பஸ் ஸ்டாப்பில் பெஞ்சுமேல் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். இறக்குவதற்கு இவர்களிடம் சார்ட் இருக்கிறது. இறங்கினவள் அதே இடத்தில் நிற்பதற்கு ஒன்றும் இல்லை, நின்றுவிட்டால் இவர்களுக்குப் பிழைப்பும் இல்லை. அவர்களைத் திட்டித் தீர்த்த பிறகும் சைதாப்பேட்டை தாண்டும்வரை மனது ஆறவில்லை. எழுபத்திரண்டு என்று மைக்கில் சொன்னது தன் வாய்தானே என்று தோன்றியபோது, ஸ்ரீரங்கனைவிடக் கேவலமாக ஒருத்தி அந்த மேடையில் நின்றதாக அவளுக்குப் பட்டது.

ரமலான் தொடங்கியது. வலிமாவுக்குப் பிறகு தபஸ்ஸும் கடைப் பக்கம் வரவே இல்லை. ஆனால் பெருநாளைக்கு அவளுக்கு வேறு தையல்காரி தெரியாது. அண்ணன் கையில் துணியையும் அளவு பிளவுஸ் ஒன்றையும் கொடுத்து அனுப்பினாள். ஜமீலா அந்த அளவு பிளவுஸை மேஜைமேல் விரித்தாள். மஞ்சள் பூப்போட்டது. அவளே தைத்தது, ஆதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். இதையா அளவுக்கு அனுப்பினாள் என்று எரிச்சலோடு டேப்பை எடுத்தாள். வலிமாவுக்குத் தைத்த பட்டு பிளவுஸின் அளவு அவளுக்கு மனப்பாடம். இரண்டும் ஒன்று. மார்பு ஒன்று, இடுப்பு ஒன்று, கைச்சுற்று ஒன்று. பக்கத்தில் பிரித்த தடம்கூட இல்லை. அந்த அண்டா பத்து வருடமாக ஒரு இஞ்ச் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

ஜமீலாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஓட்ஸ் கிடையாது, சார்ட் கிடையாது, எந்தக் கல்யாணத்திலும் அல்வாவை விட்டதில்லை. அவள் நிற்கிறாளாம், நான் விழுவேனாம்.

பிளவுஸைத் தைத்து முடித்து, தானே எடுத்துக்கொண்டு கச்சேரி ரோட்டுக்குப் போனாள். நோன்பு திறக்கிற நேரம். தபஸ்ஸும் கதவைத் திறந்து, "வாங்க பாபி" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. பேரீச்சம்பழம், ஒரு கிண்ணம் பள்ளிவாசல் கஞ்சி, ஒரு சமோசா கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க துன்ன மாட்டீங்க. ஆனா வெக்காம இருக்க முடியாது பாருங்க."

"துன்றேன்" என்றாள் ஜமீலா. பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. இரண்டு பேரும் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள். கஞ்சி பாதி இறங்கிய பிறகு ஜமீலா கிண்ணத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கு மண்டபத்துல பேசினது வாயா அது? சாக்கடை."

"சாக்கடதான்" என்றாள் தபஸ்ஸும். "சம்பந்தி முன்னால தலைய தூக்க முடியல. ஒரு வாரம் எனக்கு சோறு எறங்கல பாபி."

"ஒரு வாரமா? அளவு அப்டியே கீதே?"

தபஸ்ஸும் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கோபப்பட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு வேளதான் எறங்கல. போதுமா? ஆனா அழுதேன். அது நெஜம்."

"தெரியும்" என்றாள் ஜமீலா. கொஞ்சம் கழித்து, "எப்டிடி இப்டியே கீற?" என்று கேட்டாள்.

"எப்டின்னா? பசிச்சா துன்றேன். போதும்னா எந்திருச்சிடுவேன். இதுல இன்னா கீது?"

அடையாறில் அந்தப் பெண் சொன்ன அதே பேச்சு. ஜமீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் மருமகள் உள்ளேயிருந்து கூப்பிட, தபஸ்ஸும் பாதி கடித்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். திரும்பி வந்து பிளவுஸைப் பார்த்தாள், ஆதில் புது வீடு பார்ப்பதைப் பேசினாள், டீ போட்டுக் கொடுத்தாள். அந்தப் பாதி சமோசா அங்கேயே இருந்தது. தபஸ்ஸும் அதை மறந்தே போய்விட்டாள். ஜமீலாவோ அவள் பேசியதில் பாதியைக் கேட்கவில்லை; பேச்சு முழுக்க அந்தச் சமோசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு வைராக்கியமும் இல்லை, புத்தியும் இல்லை, மறதி இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். தனக்கு அது இந்த ஜன்மத்தில் வராது.

வராததை நம்பிப் பயனில்லை என்று முடிவு பண்ணினாள். உடம்பு சொல்வதைக் கேட்கிறதில்லை. அது பொய் சொல்லும், எல்லா உடம்பும் சொல்லும். அதற்குப் பதிலாக, நோன்பு மாதம் முடிந்ததும் சில விஷயங்களைக் கட்டாயமாக்கிக்கொண்டாள். எது தின்றாலும் உட்கார்ந்து, தட்டில் போட்டு, ஆள் பார்க்கத் தின்பது. மதியம் சோறு, அளந்து ஒரு கரண்டி. முதல் நாள் அந்தக் கரண்டிச் சோற்றை மீன் குழம்போடு பிசைந்து மெதுவாகத் தின்றாள். ஒரு கரண்டியோடு நின்றது. அதிலேயே இரண்டு வாரம் இருந்துவிட்டுத்தான் இட்லியைச் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை ஒரு தட்டு பிரியாணி, புருஷனோடு. மறுநாள் பட்டினி கிடையாது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து மிஷினை இழுத்து வாரம் ஒருமுறை ஏறி நின்றாள். முள் ஏறியிருந்தால் அந்த வாரம் ராத்திரிக்குக் கஞ்சி. திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு தடவை மறுபடி வழுக்கினாள். மூன்றாம் தடவை பன்னை எடுத்துக்கொண்டு கடை வாசலில் ஸ்டூல் போட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க உட்கார்ந்து தின்றாள். பாதியில் சலித்துவிட்டது.

புருஷன் தட்டைப் பார்ப்பதைத்தான் விட முடியவில்லை. ஆனால் தன் தட்டிலும் சோறு இருக்கும்போது பழைய மாதிரி உறைப்பாகச் சொல்ல வார்த்தை வரவில்லை. அப்துல் சமத் அதைக் கவனித்துவிட்டு நிம்மதியாக இன்னொரு பரோட்டா எடுத்துக்கொண்டார். மடையன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எடை எழுபத்தைந்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே இழுத்தால் திரைச்சீலை கூப்பிடுகிறது என்று அவளுக்குப் பிடிபட்டிருந்தது. வர்ஷினி ஒருநாள் போன் பண்ணி எடையை விசாரித்தாள், ஜமீலா உள்ளதைச் சொன்னாள்.

"மேம், கோலைவிட மூணு கிலோ கூட இருக்கேளே. ஒரு சின்ன பேக்கேஜ்ல இறக்கிடலாம்."

"அந்த மூணு கிலோ என்னுதும்மா. அது வெள்ளிக்கிழம. அத எறக்கினா, பின்னாலயே பதினஞ்சு வரும், உங்க மேனேஜருக்குத் தெரியும்."

வர்ஷினி மறுமுனையில் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரியும் மேம். நீங்க பண்றதுதான் சரி. ஆனா மேனேஜர் கால் பண்ணச் சொல்லியிருக்கார்" என்றாள். ஜமீலா போனை வைத்தாள். தெரிந்துகொண்டே கூப்பிடுகிறவளைத் திட்டுவதா, பாவம் என்பதா என்று புரியாமல், இரண்டையும் செய்யாமல் மிஷினை ஓட்டினாள்.

இரண்டு வருடம் ஆயிற்று. முட்டி அவ்வப்போது வலிக்கும், படியேற விடும். டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். எடை எழுபத்தைந்துக்கு ஒன்று முன்னே, ஒன்று பின்னே. இளைத்தபோது கூட்டமாக வந்து கேட்டவர்கள் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. குறைத்தவளை ஊர் பார்க்கும், ஏறினவளைப் பார்க்கும். அப்படியே இருக்கிறவளைப் பார்க்க யாருக்கு நேரம்? தனக்கு அந்தக் கைதட்டல் வேண்டியிருக்கிறது என்பதை அவள் கண்டுபிடித்தபோது, அதற்காகவும் தன்னைக் கொஞ்சம் அற்பமாக நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டில் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி எதிர்ப்பட்டாள். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா ஜமீலாக்கா, அப்டியே கீறீங்க, ஒரு மாத்தமும் இல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நண்டுக்குப் பேரம் பேசப் போனாள். அப்படியே இருப்பது என்றால் என்னவென்று அந்த முண்டத்துக்கு எங்கே தெரியப்போகிறது என்று ஜமீலா நினைத்தாள். ஆனாலும் அந்தச் சொல்லை அவள் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வஞ்சிரம் புதிதா என்று செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரி சொன்ன பொய்யை நம்பாமல், அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள்.